வேலூரிலிருந்து தூத்துக்குடி வரை காரில்: மஞ்சப்பையில் ஐந்து பழைய புத்தகங்கள், எவை?

சத்துவாச்சாரி கதிர்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் ஆறு நாள் காரில் கிளம்புகிறோம். 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்ம வேலூரில் தொடங்கித் தூத்துக்குடியில் முடிகிறது. இத்தனை வருஷம் அதன் தலைமாட்டிலேயே குடியிருக்கிறோம், ஒரு தடவைகூடக் கால்மாட்டைப் பார்த்ததில்லை. போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை, எட்டயபுரம் என்று கடைசி வரை போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

வண்டியில் நான், மனைவி, ஏழாவது படிக்கிற மகள், அப்பா. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர். சம்பள நாளில் எங்களுக்கு இனிப்பு வருகிறதோ இல்லையோ, அவர் கையில் ஒரு புத்தகம் வந்துவிடும். இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிவிட்டது, எழுத்து தெரிவதில்லை. அதனால் இந்தப் பயணத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான்.

போன தடவை மைசூருக்குப் பதினொரு புத்தகம் எடுத்துப் போனேன். டிக்கியில் தண்ணீர் கேன் கசிந்து, அப்பா பைண்டு போட்டு வைத்திருந்த தி. ஜானகிராமன் நாவல் ஊறி இரண்டு மடங்கு தடிமனாகிவிட்டது. மீதிப் பத்தில் ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. இந்தத் தடவை ஒரு மஞ்சப்பை, ஐந்து புத்தகம், அவ்வளவுதான். காலத்துக்கும் நின்ற புத்தகங்களாக இருக்க வேண்டும். சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

கதிர், முதலில் பொன்னியின் செல்வனை வையுங்கள். வந்தியத்தேவன் நம்ம பக்கத்து ஆள். வாணர் குலத்தவன். வாணர்கள் ஆண்ட வாணபுரம் என்பது இன்றைய திருவலம்தான். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் அவன் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்தை ஓடுகிற வண்டியில் உரக்கப் படித்துப் பாருங்கள், உங்கள் மகள் புத்தகத்தைக் கீழே வைக்க விட மாட்டாள். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததற்கு இழுக்கிற மாதிரிதான் முடியும். இரண்டு டீக்கடைக்கு நடுவில் ஒரு அத்தியாயம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரி கதிர்

அண்ணா, ஐந்து பாகமும் எடுத்தால் என் பை அதிலேயே நிரம்பிவிடும். முதல் பாகம் மட்டும் என்றால், ஆறாம் நாள் அவள் என்னைக் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

போளூர் வாசகி

கதிர் தம்பி, நீங்கள் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஊரைத் தாண்டுவீர்கள். அதனால் உரிமையோடு சொல்கிறேன். முதல் புத்தகம் மலைபடுகடாம்.

பேரைக் கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பரிசு பெற்றுத் திரும்பி வருகிற ஒரு கூத்தர், எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். போக வேண்டிய இடம் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா, அதாவது நம்ம செங்கம். பார்க்க வேண்டிய ஆள் அந்த ஊர் மன்னன் நன்னன் சேய் நன்னன். பாட்டில் வருகிற நவிரமலை இன்றைய பர்வதமலை. சேயாறு நம்ம செய்யாறு. போளூர் தாண்டிக் கலசப்பாக்கம் பக்கம் வரும்போது வலது கைப் பக்கம் பாருங்கள், அந்த மலை கூடவே வரும்.

வழி சொல்வது என்றால் சும்மா இல்லை. பன்றிக்குக் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள் என்கிறது. தினைப்புனம் காக்கிறவர்கள் வீசும் கவண் கல் பறந்து வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள் என்கிறது. பாசி வழுக்குகிற இடம் எது, பாம்பு கிடக்கிற குழி எது, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எல்லாம் இருக்கிறது. குடியிருப்புக்குப் போனால் எப்படி நுழைவது?

நும்மில் போல நில்லாது புக்குக்
கிழவிர் போலக் கேளாது கெழீஇ

உங்கள் வீட்டுக்குள் போவது போல வாசலில் தயங்கி நிற்காமல் போங்கள், உரிமைக்காரர் போலக் கேட்காமலே பழகுங்கள் என்று பொருள். நம்ம ஜில்லா மலைக்காரர்களைப் பற்றி இதைவிடப் பெருமையாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

எனக்கு மிகப் பிடித்த இடம் இன்னொன்று. வழியில் இறந்த வீரர்களுக்கு நட்ட, பெயர் எழுதிய நடுகற்கள் இருக்கும், யாழ் மீட்டி வணங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு, உடனே இப்படி வருகிறது:

பண்டுநற் கறியாப் புலம்பெயர் புதுவிர்
சந்து நீவிப் புல்முடிந் திடுமின்

முன்பின் தெரியாத ஊருக்கு வந்த புதியவர்களே, பாதை பிரிகிற சந்தியில் இடத்தைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள். தமக்குப் பின்னால் வருகிறவர்கள் வழி தவறக் கூடாது என்பதற்காக. செங்கம் வட்டாரம் முழுக்கப் பல்லவர் காலத்து நடுகற்கள் கிடைத்து, தொல்லியல் துறை 1972-இல் தனிப் புத்தகமே போட்டது. பாட்டில் படித்ததன் தொடர்ச்சியை வயல் வரப்பில் நிற்கிற கல்லில் பார்க்கிற வாய்ப்பு நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு நேராக மதுரைக்கு விரட்டாதீர்கள்.

லோடு முருகன்

நான் இந்தச் சாலையில் பதினேழு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இறக்குவேன். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புதான் போடுவார்கள். இறக்குவதற்கு முறை வர அரை நாள்கூட ஆகும். அப்போதுதான் நான் படிப்பது.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன் சார். ஓடுகிற வண்டியில் புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் பாப்பாவுக்குத் தலை சுற்றும். வண்டியை ஓரம் கட்டி, நிழலில் நிறுத்தி, இருபது நிமிஷம் படியுங்கள், அப்புறம் ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டுங்கள். அதனால் இருபது நிமிஷத்தில் முடிகிறது எதுவோ அது உங்களுக்கு உதவும். புதுமைப்பித்தன் கதைகள் ஒரு தொகுதி வையுங்கள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். திருநெல்வேலிப் பேச்சைப் பாப்பா வாசிக்கத் தடுமாறினால் அப்பா திருத்துவார், அதுவே நல்லாயிருக்கும்.

நாவல் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகள் கதை. அந்த அம்மா அங்கேயே போய், அந்த ஜனங்களோடு பழகி, கேட்டுக் கேட்டு எழுதியது. நான் லோடு ஏற்றும்போது பார்த்திருக்கிறேன். உப்பு வாருகிற பெண்களின் குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி வெள்ளைக் கோடாக நிற்கும். மத்தியானம் பாத்தியின் பளபளப்பைப் பத்து நிமிஷம் பார்த்தால் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவர்கள் நாள் முழுக்க அதற்குள் நிற்கிறார்கள். உங்கள் அப்பா தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர் என்கிறீர்கள். அங்கே மூட்டை மூட்டையாக எழுதிய உப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இந்தப் புத்தகம் காட்டும்.

சத்துவாச்சாரி கதிர்

முருகன் அண்ணா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “உப்புக்குத் தனி லெட்ஜர் இருந்தது” என்றார். கரிப்பு மணிகள் பையில் சேர்ந்துவிட்டது.

ஆற்காட்டுத் தமிழ்

மு.வ.வை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! 1912-இல் பிறந்தவர், வாலாஜாபேட்டை பக்கம் வேலம் அவருடைய ஊர். ‘அகல் விளக்கு’ நாவலுக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது. நம்ம ஊர்த் தெருவும் மண்ணும் அதில் இருக்கிறது. வட ஆற்காட்டுக்காரர் பையில் மு.வ. இல்லாமல் எப்படி?

காட்பாடி சுதா

ஆற்காட்டுத் தமிழ் சார், அகல் விளக்கு எனக்கும் உயிர். பத்தாவது லீவில் படித்து அழுதிருக்கிறேன். ஆனால் அது ஊரில் இருந்து படிக்க வேண்டிய புத்தகம். ஒரே ஊரில் கூடவே வளர்ந்த இரண்டு நண்பர்களின் வாழ்க்கை எப்படிப் பிரிந்து போகிறது என்று பொறுமையாகச் சொல்கிறது. நடுவில் சுங்கச்சாவடியும் சாப்பாட்டுக் கடையும் வந்தால் அந்த நிதானம் உடைந்துவிடும். கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டில் படிக்கட்டும். பயணத்துக்கு மு.வ.வின் திருக்குறள் தெளிவுரை போதும். சட்டைப் பையில் வைக்கிற அளவில் கிடைக்கும், ஐந்தில் ஒன்றாக அதை எண்ணவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் வழியில் வருகிற ஊரைப் பற்றிய புத்தகமாகவே சொல்கிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் குறுகலாகப் படுகிறது. நான் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை ஏலகிரியில் மழை நாளில் படித்தேன். சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிற பெண்களின் கதை. வெளியே கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே ஒரு குடத்துக்குச் சண்டை நடக்கிறது. இருபது வருஷம் ஆகியும் அந்த இரண்டும் பிரியாமல் மனதில் நிற்கிறது. ஒரு புத்தகமாவது வழிக்குச் சம்பந்தமே இல்லாததாக வையுங்கள்.

போளூர் வாசகி

சுதா சொல்வது நியாயம்தான். ஆனால் கதிரின் நிலைமை வேறு. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே என்ன ஓடுகிறது என்று அவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. அந்த இடத்தைப் பற்றிய வரியை அந்த இடத்தில் வாசித்தால், வெளியே இருப்பது அவருக்கும் கொஞ்சம் தெரியும். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் நான் அப்படித்தான் வாசித்தேன்.

காட்பாடி சுதா

அக்கா, அதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி.

திருவலம் தமிழாசிரியர்

இப்போதுதான் இழை முழுவதும் படித்தேன். பாலாற்றங்கரை எங்கள் ஊரை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அவரிடம் ஒரு வேண்டுகோள். பொன்னியின் செல்வனை இந்தச் சாலைக்குக் கொடுக்காமல் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேல்பாடியில் அரிஞ்சய சோழருக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில் இருக்கிறது. அரக்கோணம் பக்கம் தக்கோலம். 949-இல் ராஜாதித்தர் யானை மேலேயே உயிர் விட்ட போர் அங்கேதான் நடந்தது. காலையில் கிளம்பி இரண்டையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

கதிர் தம்பிக்கு நான் சொல்வது சிலப்பதிகாரம். முழுவதும் வேண்டாம். நாடுகாண் காதையும் காடுகாண் காதையும் போதும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிற பகுதி. திருச்சியிலிருந்து மதுரைக்கு நீங்கள் போகிற வழியும் அவர்கள் போன வழியும் ஓரிடத்தில் சேருகின்றன. விராலிமலை தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டியே கொடும்பாளூர். மாங்காட்டு மறையவன் அவர்களுக்கு வழி சொல்லும்போது, கொடும்பை நெடுங்குளக் கரையைத் தொட்டால், சிவன் ஏந்திய சூலம் போலப் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். மூவர் கோயில் வாசலில் உட்கார்ந்து அந்த இடத்தை வாசியுங்கள். மூன்று வழியில் எதில் போனால் என்ன ஆகும் என்று அவன் சொல்லச் சொல்ல, கேட்கிறவர்களுக்கு வயிற்றில் ஏதோ செய்யும், ஏனென்றால் மதுரையில் என்ன காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

நாடுகாண் காதையில் ஒரு சின்ன இடம். ஊரை விட்டுக் கிளம்பி ஒரு காதம்தான் நடந்திருப்பார்கள். கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன், இந்த நாட்டுக்கு அப்பால் ஆறைங்காதம், பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். ஆறைங்காதம் என்றால் முப்பது காதம்! நான் முப்பத்தோரு வருஷம் வகுப்பில் இந்த வரியைச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பில் வந்து என் குரல் தடுமாறும்.

உரையோடு உள்ள, சந்தி பிரித்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். மூலம் மட்டும் அச்சிட்ட பழைய பதிப்பைக் குழந்தை கையில் கொடுத்தால் இரண்டாவது அடியிலேயே மூடிவிடுவாள்.

பாலாற்றங்கரை

ஐயா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மேல்பாடிக்கு நான் இன்னும் போனதில்லை. அடுத்த ஞாயிறே போகிறேன்.

சிறுபாணாற்றுப்படையில் வேலூர் என்று வருகிறதே, அது நம்ம வேலூர்தானே? அப்படியானால் கதிர் அதிலிருந்தே தொடங்கலாம்.

திருவலம் தமிழாசிரியர்

இல்லை தம்பி. அது ஓய்மா நாட்டு வேலூர், நல்லியக்கோடனுடையது. அதே பாட்டில் வருகிற கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அந்த வேலூரும் அந்தப் பக்கம்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். நமக்கு நன்னன் இருக்கிறானே, அது போதும்.

காட்பாடி சுதா

மலைபடுகடாம் தனிப் புத்தகமாகக் கிடைக்கவில்லை என்றால் மதுரைத் திட்டம் இணையதளத்தில் மூலம் இலவசமாக இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போடுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். உரைக்குப் பத்துப்பாட்டுத் தொகுதி ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உ.வே.சா. 1889-இல் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது. வாங்குகிற மாதிரி இருந்தால் ‘என் சரித்திரம்’ ஒன்றையும் சேருங்கள். ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராகப் போனவர், அவரும் ஒரு பயணிதானே.

சின்னவளுக்கு என்று எதுவும் சொல்லவில்லையே? விக்கிரமாதித்தன் கதை வையுங்கள். வேதாளம் ஒரு கதை சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதிலை வாசிக்காமல் நிறுத்திவிட்டு வண்டியில் எல்லோரையும் பதில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சித்தூர் போய்ச் சேருகிற வரை ஒரே கதைக்கு வாதாடியிருக்கிறோம்.

சத்துவாச்சாரி கதிர்

பை தயார். மலைபடுகடாம் (ஸ்பைரல் போட்டாயிற்று, உரையும் சேர்த்து), சிலப்பதிகாரம், புதுமைப்பித்தன் கதைகள், கரிப்பு மணிகள். ஐந்தாவது இடத்தை விக்கிரமாதித்தனுக்கு மகள் பிடித்துவிட்டாள். தெளிவுரை என் சட்டைப் பையில். தண்ணீர் கேன் இந்தத் தடவை முன் சீட்டுக்குக் கீழே. நாளை அதிகாலை நாலரைக்குக் கிளம்புகிறோம்.

சத்துவாச்சாரி கதிர்

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் சரிப்படாதவை. புதுமைப்பித்தன் தொகுதியில் மூன்று கதைதான் முடிந்தது. சிலப்பதிகாரத்தை வெயில் ஏறியபின் எடுத்தது தப்பு. கொடும்பாளூருக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம், கல் தரை சுட்டது. அப்பாவைச் சுவரோரம் நிழலில் உட்கார வைத்து நானே வாசித்தேன். மூன்று வழி வருகிற இடத்தில் மகள், “நம்ம எந்த வழியில போறோம் தாத்தா?” என்று கேட்டாள். தாத்தா பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா சொன்ன மாதிரி என் குரலும் நின்றுவிட்டது. மீதியை மனைவிதான் வாசித்தாள்.

முதல் நாளே நடந்ததுதான் பெரிசு. கலசப்பாக்கம் தாண்டிக் கடலாடிப் பக்கம் பிரிகிற ஒரு சின்னப் பாதையில் வண்டியை நிறுத்தினோம். மலைக்கு மேல் பாதி மேகம். அப்பாவுக்கு மலை தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். மகள் புல் முடிகிற வரியை வாசித்தாள், இரண்டு தடவை தவறாக, மூன்றாவது தடவை சரியாக. அப்பா கையை நீட்டிப் புல்லைக் கேட்டார். அருகம்புல் இல்லை, ஏதோ நீளமான கோரை மாதிரி. பத்துப் பதினைந்து தாளைச் சேர்த்துத் தடவித் தடவி முடிச்சுப் போட்டார். சின்ன வயதில் மாட்டுக்குத் தும்பு முறுக்கிய விரல்கள், பார்க்காமலே செய்தது. அவள் அதைப் பாதை பிரிகிற இடத்தில் கல்லுக்கு அடியில் செருகி வைத்தாள். வரும்போது சேலம் வழியாக வந்துவிட்டதால் அது என்ன ஆனது என்று தெரியாது.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டில் புத்தகம் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம்.

கரிப்பு மணிகளைக் கடைசி இரண்டு ராத்திரி அறையில் உட்கார்ந்து வாசித்தோம், பாதிக்கு மேல் வந்திருக்கிறோம். விடிந்ததும் உப்பளத்துக்குப் போனோம். அப்பா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். “ஈரம் இருக்கு. இதை அப்படியே எடை போட்டா நமக்கு நஷ்டம்னு முதலாளி சொல்லுவார்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இதை வாரினவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை” என்றார். இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகள் பத்துப் பக்கம் வாசிக்கிறாள்.

லோடு முருகன்

சார், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என்னிடம் இருந்த கரிப்பு மணிகளை ஒரு கிளீனர் தம்பி வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. நீங்கள் முடித்ததும் எனக்குக் கொடுக்க முடியுமா? அடுத்த வியாழக்கிழமை ராணிப்பேட்டைக்கு லோடு வருகிறது. இறக்குகிற வரை அங்கேதான் இருப்பேன்.

சத்துவாச்சாரி கதிர்

இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது, வியாழனுக்குள் முடித்துவிடுவோம் அண்ணா. அப்பாவே நேரில் வந்து கொடுக்கிறேன் என்கிறார். மத்தியானச் சாப்பாடு எங்களோடு.